மழை கழிந்து ஷெட்டைத் திறந்தால்: பத்மினி, மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நடுவில் எந்த ஊரில் நின்றாலும் கடற்காற்று வந்து சேர்ந்துவிடும். குளச்சல், முட்டம் பக்கமும், புத்தளம், சாமிதோப்பு உப்பளப் பக்கமும் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டு ஷெட்டில் நிற்கும் பத்மினிகளிலும் பழைய மாருதி 800-களிலும் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை பாகம் உடைந்து வந்தவை இல்லை. உப்பு, ஈரம், ஓடாமல் நிற்பது என்ற இந்த மூன்றிலிருந்துதான் வருகின்றன. அதனால் புதுப் பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன் கழற்றி, துடைத்து, தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிப் பெரிய செலவுவரை வரிசையாகச் சொல்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இது கார்புரேட்டரும் பாயிண்டும் (பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள வண்டிகளுக்கானது. எம்.பி.எஃப்.ஐ. மாருதி, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வண்டி என்றால் பேட்டரி, ஹீட், பிரேக், துரு பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், வீலுக்கு வைக்க நான்கு கட்டைகள். ஷெட் வாசலில் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கட்டாயம் தொங்கட்டும். பெட்ரோல் வேலை செய்யும்போது அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள். போட்டபடியே சாவியைத் திருப்புங்கள். லைட் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*லைட்டே எரியவில்லை, அல்லது மஞ்சளாக மங்கி எரிகிறது*

பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கழுவும்போது பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

பிறகு மீட்டர். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எல்லாம் பொய்யாகக் காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் செல்ஃப் சுற்றும்போது 9.5-க்குக் கீழே விழுகிறதா? பேட்டரி மாற்ற வேண்டியதுதான்.

சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரம் ஓடுகிறது, மறுபடி இறங்குகிறது என்றால் எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. டைனமோ, கட்-அவுட், ஆல்டர்னேட்டர் உள்வேலை எல்லாம் ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை.

*லைட் நன்றாக எரிகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', லைட் சட்டென்று மங்குகிறது*

நம் ஊரில் இதற்கு முக்கால்வாசி காரணம் எர்த். பேட்டரி நெகட்டிவ் பாடியில் சேரும் இடம், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் பின்னல் பட்டை என்ற இரண்டு இடங்களிலும் போல்ட்டுக்கு அடியில் உப்பு ஏறிக் கருத்துப் போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சோக் வயரோ ஆக்சிலரேட்டர் வயரோ தொட்டால் சுடுகிறது என்றாலும் இதேதான், எர்த் கிடைக்காத மின்சாரம் அந்த வயர் வழியாகத் திரும்புகிறது. உடனே நிறுத்துங்கள், இதில் வயர் பற்றி எரியும்.

போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட் போகும்வரை தேய்த்து, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் இரண்டு மழைக்குத் தாங்கும். செல்ஃப் மோட்டாரை ரீவைண்ட் செய்யச் சொல்லி யாராவது சொன்னால் இதைச் செய்து பார்த்த பிறகு கொடுங்கள். எர்த் சுத்தம் செய்ததும் எழுந்து ஓடிய 'செத்த' செல்ஃப் மோட்டார்கள் நிறைய.

எர்த்தும் சரி, பேட்டரியும் சரி, இன்னும் 'டக்' மட்டும்தானா? எஞ்சின் இறுகியிருக்கலாம். பல மாதம் நின்ற வண்டியில் இது சகஜம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் பொறுமையாக முழுச் சுற்று சுற்றிவிடுங்கள். அசையவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள், வேறு வண்டியில் கட்டி இழுக்கவும் வேண்டாம். அங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

*லைட் மங்கவே இல்லை, சத்தமும் இல்லை*

செல்ஃப் மோட்டாரை இயக்கும் சோலினாய்டுக்கு வரும் சின்ன வயர் கழன்றிருக்கும் அல்லது எலி கடித்திருக்கும். டெஸ்ட் லாம்பை அந்த வயரில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லாம்ப் எரிந்தால் சோலினாய்டு கோளாறு. எரியாவிட்டால் சாவி ஸ்விட்ச்சுக்கும் இதற்கும் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. தேங்காய், நெல், கொப்பரை வைக்கும் ஷெட்டில் கார் நிறுத்துபவர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வயர் என்றால் சால்டர் வைத்து நீங்களே இணைக்கலாம். கொத்தாகக் கடித்திருந்தால் எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும், டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

அறிகுறி 2: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கரண்டா, பெட்ரோலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சினில் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயரை ரப்பர் பிடியுள்ள பிளையரால் பிடியுங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

*பொறி இல்லை, அல்லது மஞ்சளாகச் சோர்ந்து வருகிறது*

டெல்கோ, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மழை மாதங்களில் உட்புறம் வியர்த்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் காட்டி மாட்டினாலே பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். துடைத்த பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தலைமுடி கனத்தில் கருப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடினால் மூடி விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும்.

அடுத்து பாயிண்ட். பல வாரம் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். நைசான உப்புத்தாளை மடித்து நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்து, பிறகு சுத்தமான காகிதத்தை விட்டு இழுத்துத் துகளை எடுங்கள். இடைவெளியைப் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜால் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தாலோ, திறக்கும்போது அங்கேயே பெரிய நீலப் பொறி பறந்தாலோ கண்டன்சர் போய்விட்டது. பாயிண்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் மலிவானவை.

இதற்கும் அசையாவிட்டால் காயில். ஆனால் காயிலைக் குறை சொல்லும் முன் அதன் பாசிட்டிவ் முனைக்குச் சாவி போட்டதும் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வையுங்கள். வராவிட்டால் பழுது காயிலில் இல்லை, ஃபியூஸிலும் வயரிலும் தேடுங்கள்.

பொறி வருகிறது, ஆனாலும் மழை நாளில் மட்டும் திணறுகிறது என்றால் இரவில் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயர்கள்மேல் நீலமாகப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். அந்த வயர் செட்டை மாற்றுங்கள். கழற்றும்போது வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: பத்மினிக்கு 1-3-4-2, மாருதி 800-க்கு 1-3-2.

மாருதியில் மட்டும் இன்னொரு சோதனை. செல்ஃப் வழக்கத்தைவிட இலேசாக, வேகமாகச் சுற்றுவதுபோல் கேட்டால் டெல்கோ மூடியைக் கழற்றிவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டர் சுழலவில்லையென்றால் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள். பத்மினியில் பெல்ட் கிடையாது, செயின்தான்.

*பொறி நீலமாக, சுள்ளென்று வருகிறது*

அப்படியென்றால் பெட்ரோல். பிளக் நனைந்து, பெட்ரோல் நாற்றம் அடித்தால் கூடுதலாகப் போயிருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடும். அடிக்கடி இப்படியே ஆனால் கார்புரேட்டர் நீடில் வால்வில் அழுக்கு.

பிளக் உலர்ந்திருந்தால் கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள். காயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் நடு வயரைக் கழற்றி எர்த்தில் கட்டிவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும்.

பாட்டிலை ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன். இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுதும் நின்ற வண்டியில் அது தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். பாட்டிலின் அடியில் ஒரு கோடு போட்டதுபோல் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கை முழுதாகக் காலி செய்ய வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. வார்னிஷ் நாற்றம் அடித்தாலும் அப்படியே. பழைய ரப்பர் ஹோஸ்கள் இந்தப் பெட்ரோலில் ஊறிப் பிசுபிசுத்துப் பிய்ந்து, அந்தத் துகள் போய் ஜெட்டை அடைக்கும். ஹோஸ் மாற்றும்போது 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் வரவே இல்லையென்றால் டேங்க் மூடி, ஃபில்டர், ஹோஸ், ஏ.சி. பம்ப் (டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) என்ற வரிசையில் பாருங்கள். பம்ப் சந்தேகம் வந்தால் முதலில் ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். அளவு கூடி, பெட்ரோல் நாற்றம் அடித்தால் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சம்ப்பில் இறங்குகிறது. எஞ்சினை ஓட்டாதீர்கள். பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்வது வீட்டில் செய்யக்கூடியதே. ஜெட்டுக்குள் கம்பி விட வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கழற்றும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாருதிக்குப் பாகம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும். பத்மினி கார்புரேட்டர் பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டைவரை அலைய வேண்டி வரலாம். அதனால் பழைய பாகம் எதையும் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அறிகுறி 3: காலையில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நின்றுபோகும். அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஆறவிட்டால் தடயம் போய்விடும், ஆகவே நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே பாருங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குளவி அங்கே மண் வைத்துக் கூடு கட்டிவிடும், நம் ஷெட்டுகளில் இது நிறைய நடக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் முடிந்தது.

அடுத்து பிளக்கில் பொறி. சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில் அல்லது கண்டன்சர். கண்டன்சரை முதலில் மாற்றுங்கள். பொறி இருந்து பெட்ரோல் வரவில்லையென்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. ஏ.சி. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டால் கொஞ்ச நேரத்தில் ஓடும். பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மிக அருகில் போகிறதா என்று வீட்டுக்கு வந்து பார்த்து, நகர்த்திக் கட்டுங்கள்.

அறிகுறி 4: ஹீட் முள் ஏறுகிறது

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ஆறிய பிறகு தண்ணீர் அளவு, ஹோஸ் கசிவு, பத்மினியில் ஃபேன் பெல்ட், மாருதியில் மின் ஃபேன் என்று பாருங்கள். மாருதியில் தெர்மோ ஸ்விட்ச் வயர்களைச் சேர்த்துப் பிடித்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் ஸ்விட்ச் பழுது, சுற்றாவிட்டால் மோட்டாரோ ஃபியூஸோ.

கடலோரத்தில் ரேடியேட்டர் தகடுகள் உப்பில் பொடிந்து உதிரும். விரலால் தொட்டால் உதிர்ந்தால் புது கோர் போட வேண்டிய நேரம். உள்ளே போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கடலோரப் போர் தண்ணீரில் உள்ள உப்பு, அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரிக்கும். கூலண்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்ட் மட்டும்.

ஆயில் குச்சியில் பாலாடை நிறத்தில் பிசுக்கு, ரேடியேட்டரில் குமிழி, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை என்று இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட். இரண்டு வண்டியிலும் ஹெட் அலுமினியம், சூட்டில் வளைந்துவிடும். லேத்தில் மட்டம் பார்க்காமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டால் சீக்கிரமே மறுபடி ஊதும். இது மெக்கானிக் வேலை.

அறிகுறி 5: பிரேக்

*வண்டி நகரவே மறுக்கிறது.* ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பின் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, டிரம்மின் விளிம்பை ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். இனிமேல் ஷெட்டில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு வீலுக்குக் கட்டை வையுங்கள்.

*ஒரு பக்கம் இழுக்கிறது.* டயர் காற்றைச் சரிபாருங்கள். பிறகு நான்கு டயரின் உட்புறச் சுவரையும் பாருங்கள். ஈரம் வழிந்திருந்தால் அந்த வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ நனைந்திருக்கிறது. நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவார்கள், வேண்டாம். இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

*பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது.* குழாயில் காற்று. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நம் ஈரக்காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். *அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையைத் தொடுகிறது,* ஒழுகலும் எங்கும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர். பழைய பத்மினிகளில் நான்கு வீலுக்கும் ஒரே வழிதான், ஓரிடத்தில் போனால் மொத்தமும் போய்விடும். இந்த அறிகுறி வந்தால் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: பெயிண்டில் கொப்புளம், காலடியில் ஈரம்

எஞ்சின் பழுது எதுவானாலும் பாகம் தேடிச் சரிசெய்துவிடலாம். பாடி போனால் வண்டி போயிற்று. இதனால்தான் இந்தப் பகுதிக்கு நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறேன்.

மிதியடியைத் தூக்குங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, வெளியே ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்று வழி என்று ஒவ்வொரு இடமாக. பெரும்பாலும் கதவின் அடிப்பக்கத் துளைகள் அடைத்துத் தண்ணீர் உள்ளே தேங்கியிருக்கும். குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள்: தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, ஸ்டெப்னி குழி, பத்மினியில் பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் முனையால் அழுத்துங்கள்.

*முனை இறங்கவில்லை, மேல் துரு மட்டும்.* கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, காய்ந்ததும் பிரைமர், பெயிண்ட். தை, மாசி வெயிலில் செய்யுங்கள். சாரல் நாளில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். அடியில் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊத வைக்கும், மழையில் வழிந்து கிணற்றுக்கும் போகும். மெழுகு வகை அண்டர்பாடி கோட் வாங்கி அடியுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஷெட்டுக்குள் விடாமல் வெளியே காயவிடுங்கள். குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளில் காரும் ஆசிட் கேனும் ஒரே ஷெட்டில் இருக்கும். ஃபார்மிக் ஆசிட் ஆவி தகட்டையும் குரோமையும் தின்றுவிடும். கேனை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

*முனை உள்ளே இறங்குகிறது.* கதவின் அடி, ஃபெண்டர் என்றால் டிங்கரிடம் நிதானமாகக் கொடுக்கலாம். ஸ்பிரிங் மாட்டும் இடம், ஜாக்கி இடம், சீட் பெல்ட் போல்ட், ஸ்டீயரிங் பெட்டி பிடிக்கும் தகடு என்றால் அன்றோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு வெல்டிங் தெரிந்த டிங்கரைக் கூப்பிடுங்கள். ஓட்டையைப் பட்டியோ ஃபைபரோ வைத்து மூட அனுமதிக்காதீர்கள். அழுகிய தகட்டை வெட்டியெடுத்து, நல்ல உலோகத்தில் புதுத் தகட்டை வைத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள், பெயிண்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றியாயிற்றா, பின்பக்க வேலை என்றால் பெட்ரோல் டேங்க்கை இறக்கியாயிற்றா என்று நீங்களே உறுதி செய்யுங்கள். வண்டி திரும்பி வந்ததும் புதுத் தகட்டின் உட்பக்கம் மெழுகு அடித்து, வெல்டிங்கில் மூடிப்போன தண்ணீர்த் துளைகளை டிரில் வைத்து மறுபடி திறந்துவிடுங்கள்.